பெட்டிக் காகித வாழ்த்து

ஆம்பூரில் ரயில் நிற்பதே இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான், மனிதர்கள் இறங்குவதற்கு அல்ல என்பது சௌந்தரத்தின் தீர்மானம். வேலூரில் இருக்கும் அண்ணிக்கு எழுதும் ஒவ்வொரு தபால் கார்டிலும் இதை எப்படியாவது நுழைத்துவிடுவாள். கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் ஆகியும், யாராவது கேட்டால் "நான் வேலூர்" என்றுதான் சொல்வாள். ஆம்பூர் என்ற பேரைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்று வந்தால், சோற்றில் கல் அகப்பட்டவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வாள்.

காரணம் நாற்றம். ஊரைச் சுற்றித் தோல் ஷாப்புகள். பச்சைத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துகிற வேலை. அந்த வாடை கிணற்றுத் தண்ணீரிலும் உலர்த்திய துணியிலும் ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சௌந்தரம் அதைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. வாசல் தாண்டினால் பன்னீர் தெளித்த கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். எதிரே ஷாப்பு ஆள் யாராவது வந்தால் இன்னும் அழுத்திப் பிடிப்பாள். அவன் பார்க்கவேண்டும், பார்த்து வெட்கப்படவேண்டும் என்பது எண்ணம். அவன் பாட்டுக்குப் பீடி குடித்துக்கொண்டு போய்விடுவான்.

அவள் புருஷன் சாமிநாதன், நயீம் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. நல்ல மனிதன் என்று எல்லோரும் சொல்வார்கள். அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. முதலாளி சொன்னாலும் தலையாட்டுவான், பெண்டாட்டி சொன்னாலும் தலையாட்டுவான், இரண்டு பேரும் நேர் எதிராகச் சொன்னால் இரண்டுக்கும் ஆட்டுவான். இப்படிப்பட்டவனுக்கு வாழ்க்கைப்பட்டு, கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில், ஷாப்பு மேஸ்திரியின் பெண்டாட்டி சவுரியம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரியாக, பொதுச் சுவர் வழியாக அவள் வெற்றிலை துப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாழ்வதற்கா வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார டீச்சரிடம் எட்டாவது வரை படித்தோம் என்று நினைக்கும்போது சௌந்தரத்துக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலுக்கு ஒரு விடிவு வருகிற மாதிரி இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷக் கடைசி. நயீம் அகமது சாயபு சென்னைப் பட்டணத்தில், பெரியமேட்டில், ஒரு கிட்டங்கி திறக்கப் போவதாக இருந்தார். அங்கே குடும்பத்தோடு போய்த் தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆளைச் சொல்லப் போகிறவர், சாயபுவின் தோலை வாங்கிச் சீமைக்கு ஏற்றுகிற பார்லோ துரை. துரை யாரைக் காட்டுகிறாரோ அவன்தான். சௌந்தரம் அன்றிலிருந்து கடற்கரைக் காற்றைத்தான் சுவாசித்தாள். பெரியமேட்டிலும் கூரை முட்டத் தோல்தான் அடுக்கியிருப்பார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பட்டணத்துத் தோல் வேறு என்றிருப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வாழ்த்துக் கார்டு விவகாரம் வந்தது.

வாணியம்பாடித் தோல் ஷாப்புக்காரர்கள் துரைமார்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துக் கார்டு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாமும் அனுப்புவோம் என்று சாயபு கிளம்பினார். மாதிரி பார்த்துப் பட்டணத்து அச்சாபீஸுக்கு எழுதிப்போட்டவன் சாமிநாதன். ஓரத்தில் தங்கக் கோடு போட்டிருக்கிறதே என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். கோட்டைப் பார்த்தவன் நடுவில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. பார்சல் வந்து பிரித்தால், விருந்து மேஜை, அதன் மேல் ஒரு பாட்டில், பக்கத்தில் நுரை ததும்பும் இரண்டு கண்ணாடிக் கோப்பை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் நயீம் அகமது சாயபுவின் பெயர். ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டிலையும் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"என் பேருக்கு மேல சாராயப் பாட்டிலா சாமிநாதன்? இன்னா தைரியம் உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பார்சலோடு அடுப்பில் போடச் சொன்னார். கார்டு போனது போகட்டும், கூடவே பெரியமேடும் போய்விட்டது என்று சாமிநாதன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் மெயில்ல போகலன்னா புது வருஷத்துக்குப் போய்ச் சேராது. அதுக்குள்ள யார் அச்சடிச்சித் தருவான்? என் கதை முடிஞ்சிபோச்சி சௌந்தரம்."

"முடிஞ்சா உங்களுக்கு முடியட்டும். எனக்கு முடியல" என்றாள் சௌந்தரம். "கார்டு நான் செய்யறேன். அச்சடிச்சது யார் வேணா அனுப்புவான், கையால செஞ்சதுன்னா துரைசானி எடுத்துப் பாப்பா. போயி நல்ல பூப்போட்ட காகிதமா கொண்டாங்க."

பூப்போட்ட காகிதத்துக்கு ஆம்பூரில் எங்கே போவது? ஒரே இடம்தான். ஷாப்பை ஒட்டி ஒரு கொட்டகையில் தோல் பெட்டி தைப்பார்கள். பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டுவதற்கென்று ஜெர்மனியிலிருந்து வந்த காகிதச் சுருள்கள் அங்கே பரண்மேல் கிடந்தன. நீலத்தில் வெள்ளைப் பூ, பச்சையில் கோடு, செம்மண் நிறத்தில் பொன் புள்ளி. பரணுக்கு அடியில் பதப்படுத்திய தோல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். முதலாளியிடம் கேட்டு, விடிந்ததும் சாமிநாதன் ஒரு கை நிறையச் சுருள்களும், கணக்குப் புத்தகத்துக்கு மேலட்டை போடுகிற வெள்ளை அட்டையும் கொண்டுவந்து போட்டான். சௌந்தரம் காகிதத்தைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தாள். சீமைச் சரக்கு. தனக்கென்றே இத்தனை வருஷம் அந்தப் பரணில் காத்திருந்த மாதிரி இருந்தது.

அறுபது கார்டு வேண்டும். ஒருத்தியால் ஆகாது. வேறு வழியில்லாமல் பொதுச் சுவரைத் தட்டினாள். சவுரியம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்து நின்றாள்.

"இன்னாம்மா கணக்குப்புள்ள வூட்டம்மா, காத்தாடி உடப் போறீங்களா?"

"காத்தாடி இல்ல. வெள்ளைக்காரங்களுக்கு வாழ்த்துக் கார்டு. உனக்குச் சொன்னா விளங்காது."

"விளங்காட்டி போவுது. கைதான வேணும், மண்டையா வேணும்? மிச்சம் மீறுற கையிதத்த எனக்குக் குடுத்துடுங்க. மாதா படத்துக்குப் பின்னால ஒட்டிக்கிறேன்."

"முதல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

சவுரியம்மாள் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வாளியை உருட்டிக் கைகழுவிவிட்டு வந்தாள். சௌந்தரம் அவளைக் கூடத்தில் விடாமல் பின்கட்டில் கோணி விரித்து உட்காரவைத்தாள். சவுரியம்மாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கோணியைத் தட்டிப் பார்த்து, "உங்க வூட்டுக் கோணியில எவ்ளோ தூசி" என்றாள்.

வேலை என்று வந்தால் சௌந்தரத்தைக் குறை சொல்ல முடியாது. கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கெடுத்ததே. ஒவ்வொரு கார்டாக எடுத்து ஆரம்பம் முதல் முடிவு வரை செய்துகொண்டிருந்தால் பொங்கலுக்குத்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். எல்லா அட்டையையும் முதலில் ஒரே மூச்சில் மடித்து, அம்மிக் கல்லை மேலே ஏற்றி வைத்தார்கள். அப்புறம் காகிதம். சுருளை எட்டு மடிப்பாக மடித்து, பெட்டிக் கொட்டகையிலிருந்து வந்த தோல் வெட்டும் கத்தியால் ஒரே அழுத்து. எட்டுத் துண்டு பிசிறில்லாமல் விழுந்தது. துண்டுகளைத் தரையில் சீட்டுக்கட்டை விரிக்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, ஓரம் மட்டும் தெரியும்படி பரப்பி, மைதாப் பசையைத் தூரிகையில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு வரிசைக்கும் பசை ஆகிவிடும். எடுத்து எடுத்து அட்டையில் அழுத்தவேண்டியதுதான். நடுவில் ஒட்டுவதற்கு வெள்ளையில் ஒரு சீட்டு, அதில் சௌந்தரத்தின் கையால் இங்கிலீஷில் வாழ்த்தும் சாயபுவின் பெயரும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. ஆறு வருஷமாக மளிகைக் கணக்கு எழுதியும் கெட்டுப்போகவில்லை. வெட்டியதில் மீந்த துணுக்குகளிலிருந்து சின்னச் சின்னப் பூவாகக் கத்தரித்து மூலைக்கு ஒன்று வைத்தாள். உச்சி வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்து, பின்கட்டு முழுக்க நீலமும் பச்சையுமாகக் கார்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது.

சவுரியம்மாள் ஒரு கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. இந்தக் கையிதம் நம்ம ஷாப்புல கெடந்தது. வெளியூர் போனா நாறும்."

சௌந்தரத்தின் பேனா நின்றது. "என்ன சொன்ன?"

"கோலார்ல என் தம்பி கீறான் இல்ல, சொரங்கத்துல. நான் கடுதாசி எழுதச் சொல்லிப் போட்டா, வந்த ஒடனே பிரிக்க மாட்டானாம். வெயில்ல காய வெச்சி, அப்புறமாத்தான் படிக்கச் சொல்லிக் கேப்பானாம். எங்க வூட்டுக் கடுதாசியே அப்பிடீன்னா, தோல் மேல வருசக் கணக்கா கெடந்த கையிதம் இன்னா ஆவும்?"

சௌந்தரம் ஒரு கார்டை மூக்கருகே கொண்டுபோனாள். பசை வாசனை வந்தது. மை வாசனை வந்தது. வேறு எதுவும் இல்லை.

"ஒண்ணும் வரலையே."

"நமக்கு வராதும்மா. நம்ம மூக்கு எப்பவோ செத்துப் பூட்ச்சி."

நாறும் என்றதைக்கூடச் சௌந்தரம் பொறுத்திருப்பாள். 'நம்ம' என்றதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஆறு வருஷம் கைக்குட்டையைப் பிடித்துப் பிடித்துக் காப்பாற்றிய மூக்கை, வெற்றிலைச் சாறு ஒழுகுகிற ஒரு மேஸ்திரி பெண்டாட்டி தன் மூக்கோடு சேர்த்துப் பங்கு போட்டுக்கொண்டாள் என்றால் சும்மா விடுவதா?

"உன் மூக்கு செத்தா என் மூக்கு என்ன பண்ணும்? உன்னோட சேத்து என்னைப் பேசாத. நான் வேலூர். இந்த ஊர்ல யாருக்கு நாத்தம் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். தெருவுல போக முடியாம நான் படற அவஸ்தை உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான். நீங்க கைக்குட்டய வெச்சிக்கினு போறதப் பாத்தா, பல்லு வலி போலன்னு நெனச்சிக்கினேன்" என்றாள் சவுரியம்மாள், கொஞ்சமும் சிரிக்காமல். "ஒரு நாளு வெயில்ல போட்டு, சாம்பிராணி பொக காட்டி அனுப்புங்க. கம்மி ஆவும்."

"ஒரு நாள் போட்டா மெயில் போயிடும். வெள்ளைக்காரனுக்குச் சாம்பிராணி போட்டு அனுப்ப இது என்ன கோயில் பிரசாதமா? உனக்குத் தெரிஞ்சது பசை தடவறது. அதைப் பண்ணு."

"பண்றேன். எனக்கின்னா பேஜாரு? நாறுனா தொரைக்குத்தான நாறப் போவுது."

மீதிக் கார்டுகளைச் சவுரியம்மாள் ஒட்டி முடித்தாள். மிச்சக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கோணியை உதறி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போனபின் சௌந்தரம் பின்கட்டில் தனியாக நின்று, நாலைந்து கார்டுகளை மறுபடி முகர்ந்து பார்த்தாள். இல்லவே இல்லை. பொறாமை பிடித்தவள், நாம் பட்டணம் போகப் போகிறோம் என்று வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினாள். இருந்தாலும் சாமிநாதன் கவர்களோடு வந்ததும் ஒரு கார்டை அவன் மூக்கில் நீட்டினாள்.

"இதுல ஏதாவது நாத்தம் அடிக்குதா பாருங்க."

பகலெல்லாம் பச்சைத் தோல் குவியலுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் அவன். "இல்லையே" என்றான். அடிக்கிறதுதானே என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பான். இந்தச் சாட்சி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பார்லோ துரைக்கான கார்டை மட்டும் தனியாக எடுத்தாள். இருப்பதில் அழகானது, நீலம். அதன் பின்பக்கம் ஓரத்தில், இதைக் கையால் செய்தது கணக்கர் சாமிநாதனின் மனைவி என்று இங்கிலீஷில் சின்னதாக எழுதினாள். துரைசானி திருப்பிப் பார்ப்பாள், யார் இந்தப் பெண் என்று கேட்பாள், இப்படிப்பட்ட குடும்பம் ஆம்பூரிலா கிடப்பது என்று துரையிடம் சொல்வாள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் சௌந்தரத்துக்கு மனப்பாடமாகவே இருந்தது.

நயீம் அகமது சாயபு தபாலில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கார்டையும் திறந்து பார்த்தார்.

"பூ மட்டும்தான? பாட்டில் கீட்டில் எதுவும் இல்லியே?"

"பூ மட்டும்தான் முதலாளி."

"பஹுத் அச்சா" என்றார் அவர். கார்டுகள் மெயில் ஏறின.

அதற்குப் பின் சௌந்தரம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பட்டணத்துக்கு எடுத்துப் போக லாயக்கில்லாத சாமான்களை ஒரு மூலையில் ஒதுக்கினாள். ஆட்டுக்கல்லை விற்க விலை பேசினாள். தேய்ந்த துடைப்பத்தைச் சவுரியம்மாளிடம் நீட்டி, "வெச்சுக்கோ, அங்க இதெல்லாம் உதவாது" என்றாள். கிணற்றடியில் பெண்கள் "எப்பம்மா கெளம்பறீங்க?" என்று கேட்டால், "துரை வந்து சொல்லணும்" என்று, துரை தன் சித்தப்பா மாதிரி பதில் சொன்னாள். அண்ணிக்கு எழுதிய கார்டில், இனிமேல் விலாசம் மாறும், பழைய விலாசத்தைக் கிழித்துப் போடவும் என்று எழுதினாள்.

பொங்கல் கழிந்து பார்லோ துரை ஷாப்பைப் பார்க்க வந்தார். அன்று காலையிலேயே சௌந்தரம் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துரை ஒருவேளை வீட்டுக்கே வந்து பார்க்க ஆசைப்படலாம். துரை வரவில்லை. வெயில் தாழ்ந்தபின் சாமிநாதன் வந்தான். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகம். அந்த முகத்துக்கு எப்போதுமே அது தெரிந்ததில்லை.

"துரை உன்னைப் பத்தி ரொம்ப விசாரிச்சார் சௌந்தரம்."

"துரைசானி கார்டைப் பாத்தாளா?"

"பாத்தாங்களாம். காப்பி குடிக்கிற நேரத்துக்குத் தபால் வந்துதாம். கவரைப் பிரிச்சதும் துரைசானி மூக்கைப் பொத்திக்கினு வெளிய ஓடிட்டாங்களாம். எலி கிலி செத்துப் போச்சான்னு பட்லர் மேஜைக்கு அடியில பூந்து தேடினானாம். கடைசியில பாத்தா நம்ம கார்டு."

சாமிநாதன், கேட்பவள் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லாதவன், மேலே சொல்லிக்கொண்டே போனான்.

"துரைக்கு ஒரே சிரிப்பு. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சார். இத்தினி வருஷமா அத்தர் பூசின கார்டா வந்துக்கினு இருக்கு, நான் இன்னா வியாபாரம் பண்றேன்னு ஞாபகப்படுத்தின கார்டு இது ஒண்ணுதான்னார். அதையே சீமைக்கு, பெரிய ஆபீஸுக்கே அனுப்பிட்டாராம், அங்கயும் சிரிக்கட்டும்னு. முதலாளிக்கும் சந்தோஷம். அப்புறம் துரை சொன்னார், தோல் ஷாப்பு ரத்தத்துலயே ஊறிப்போன குடும்பம் இது, இவங்களைப் போயி பட்டணத்துக்கு இழுக்காதீங்க, இங்கயே பெரிய பொறுப்புல வைங்கன்னு. பாலாத்தங்கரையில புது ஷாப்பு வருது இல்ல, அதுக்கு நான்தான் மேனேஜர். பங்களா ஒண்ணு கட்டிக் குடுக்கறாங்க. குழிங்களுக்குப் பக்கத்துலயே, மேற்பார்வைக்கு வசதியா."

"பெரியமேடு?"

"அதுக்கு வாணியம்பாடியிலிருந்து ஒரு ஆளைப் போடறாங்க. விடு சௌந்தரம், நமக்கு மேனேஜர் வேலை. பத்து வருஷத்துக்கு எங்கயும் போகக் கூடாதுன்னு துரையே சொல்லிட்டார்."

ஊரே வந்து வாழ்த்தியது. மேனேஜர் வீட்டம்மா, அதிர்ஷ்டக்காரி என்றது. சவுரியம்மாள் வந்து, "பெரிய வூடாமே, சந்தோசம்மா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள். சௌந்தரம் அதில் குத்தலைத் தேடித் தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. சவுரியம்மாள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள் போலிருக்கிறது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

பங்களா பெரியதுதான். குடிபோன அன்று, சாமான் இறக்கிய ஆட்கள் போனபின், சௌந்தரம் மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக வெள்ளை வெளேரென்று கிடந்தன. தொடை வரை நனைந்த ஆட்கள் இரண்டு பேர் ஒரு மாட்டுத் தோலை வெளியே இழுத்துப் போட்டு மயிர் வழித்துக்கொண்டிருந்தார்கள். வழித்த சதையும் மயிரும் குவியலாகக் கிடக்க, அதன்மேல் காக்கைகள் உட்கார்ந்து கொத்தின. காற்று நேராக அங்கிருந்துதான் வீசியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டி, மூச்சு முட்டுகிற வரை இழுத்துப் பார்த்தாள்.

ஒரு நாற்றமும் வரவில்லை.